எல்லை மலைக்கு ஒரு கைப்பெட்டி

நீலகிரியில் கேரள எல்லையை ஒட்டிய பந்தலூரில் மழை பிடித்துக்கொண்டால் காய்ச்சலும் கூடவே வந்துவிடுகிறது. டெங்குவா, எலிக்காய்ச்சலா, வெறும் சளியா? மண்சரிவில் சாலை அடைபட்டால் ரத்த மாதிரி ஆய்வகம் போய்ச் சேருவதே பெரும்பாடு.

டெங்குவை அங்கேயே கண்டறியும் பரிசோதனை அட்டையை அருகிலிருந்து பார்த்திருக்கிறீர்களா? சில சொட்டு ரத்தம். கால் மணி நேரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு. பெரும்பாலான அட்டைகளில் அந்தச் சிவப்பு சாயமே அல்ல, தங்கம்! நானோ அளவுத் தங்கத் துகள் சிவப்பாகத்தான் தெரியும். அதில் ஒட்டியிருக்கும் எதிர்ப்பொருள், வைரஸின் என்.எஸ்.1 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ள, கோட்டில் பதித்திருக்கும் இன்னோர் எதிர்ப்பொருள் அதை அங்கே நிறுத்துகிறது. காய்ச்சலின் முதல் நாள்களிலேயே காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆனால் கோடு வராததால் மட்டும் டெங்கு இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. அட்டை சில நேரம் தவறவிடும்.

அதனால்தான் ட்ரூநாட் போன்ற கைப்பெட்டி அளவு பரிசோதனைக் கருவிகளைக் கேட்கிறேன். கோவா நிறுவனம் ஒன்றின் தயாரிப்பு, பேட்டரியில் ஓடுவது, வைரஸின் மரபணுவையே பெருக்கிப் பார்த்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்வது.

டெங்கு மட்டுமல்ல, 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் உயிர்க்கொல்லி நிபா வைரஸும் வந்தது. எங்கள் எல்லையான நாடுகாணியைத் தாண்டினால் கேரளத்தின் மலப்புரம். கூடலூர், பந்தலூர் சுகாதார நிலையங்கள் ஒவ்வொன்றிலும் இந்தப் பெட்டியும், அதில் செருகும் சோதனைச் சில்லுகளும், இயக்கத் தெரிந்த ஒருவரும் மழைக்கு முன்பே இருக்கவேண்டும்.