தோலை எங்கே ஒளிப்பது?

நாவல் பிரதிகளைச் செப்பனிடுவது என் தொழில். அண்மையில் வந்த ஒன்று, ஸ்காட்லாந்தின் வடக்கே ஓர்க்னி, ஷெட்லாந்து தீவுகளில் புழங்கும் செல்கி கதையை அமெரிக்க மதுவிலக்குக் காலத்துக்குக் கொண்டுபோயிருந்தது. செல்கி கடலில் சீல் என்ற கடல்விலங்கு. கரையேறித் தோலைக் கழற்றினால் மனுஷி. அந்தத் தோலை எவனாவது ஒளித்துவிட்டால் அவனோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான். தோல் என்றைக்குக் கையில் கிடைக்கிறதோ அன்றைக்கே, பெற்ற பிள்ளைகளைக்கூட விட்டுவிட்டுப் போய்விடுவாள்.

முதல் வரைவில் ஜாஸ், ரகசிய மதுக்கூடம் எல்லாம் இருந்தன. சொந்த வீட்டில் குடித்தவரைக் கைது செய்யும் காட்சியும் இருந்தது. மதுவிலக்கை நடைமுறைப்படுத்திய வோல்ஸ்டெட் சட்டம் தடுத்தது தயாரிப்பதையும் விற்பதையும் கொண்டுபோவதையும்தான், குடிப்பதை அல்ல. சரி, அதைத் திருத்திவிடலாம். ஆனால் அந்தப் பெண்ணுக்கும் அந்தக் காலத்துக்கும் ஒட்டே இல்லையே, அதை என்ன செய்வது?

கடத்தல் எப்படி நடந்தது என்று ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். நியூயார்க், நியூ ஜெர்சி கரைக்கு அப்பால் அமெரிக்க அதிகாரம் செல்லும் மூன்று மைல் எல்லையைத் தாண்டிச் சரக்குக் கப்பல்கள் வரிசையாக நங்கூரம் போட்டு நிற்கும். 1924இல் எல்லை ஏறக்குறைய 12 மைலுக்குத் தள்ளிப்போனது. பில் மெக்காய் என்ற கேப்டன் மரப்பெட்டியை விட்டுவிட்டு, ஆறு பாட்டில்களை வைக்கோல் சுற்றி, கீழே மூன்று, நடுவில் இரண்டு, மேலே ஒன்று என்று அடுக்கிச் சாக்கில் இறுக்கித் தைத்தார். இடம் மிச்சம். ரோந்துப் படகு துரத்தினால் உப்பு மூட்டையையும் மிதவையையும் கட்டிச் சரக்கைக் கடலில் தள்ளுவதும் உண்டு. உப்பு கரைந்ததும் மிதவை மேலே வந்து இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

எழுத்தாளர் சாக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இப்போது கணவன் கடத்தல்காரன். தோல் நிலவறையில், பாட்டில் சாக்குகளுக்கு நடுவே இன்னொரு சாக்காகக் கிடக்கிறது. சோதனைக்கு வந்தவர்கள் ஒவ்வொரு சாக்காகக் கத்தியால் கிழிக்க, அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். பிரதியிலேயே நல்ல பக்கங்கள் அவை. மாசசூசெட்ஸ் மாநிலம் அப்போது சீலைக் கொன்றவர்களுக்குச் சன்மானம் கொடுத்துவந்தது என்பதையும் சேர்க்கச் சொன்னேன். கடலுக்குத் திரும்புவதும் அவளுக்கு ஆபத்துதான் என்றால் கதை கனக்கும்.

ஒன்றில் மட்டும் ஒத்துப்போகவில்லை. தோல் கிடைத்த பிறகும் அவள் கணவனுக்காக மூழ்கிச் சரக்கை எடுத்துத் தருவதாக ஓர் அத்தியாயம் வருகிறது. தோல் கிடைத்தவள் ஏன் நிற்கப்போகிறாள்? காதல் என்கிறார் எழுத்தாளர். எனக்கு அது கூலியில்லா வேலையாகத்தான் படுகிறது. அத்தியாயம் இன்னும் பிரதியில் இருக்கிறது, ஓரத்தில் என் கேள்விக்குறியோடு.