பென்டில்ஹில்லில் ஒரு பஞ்சு மில்

ஆஸ்திரேலியாவில், சிட்னிப் பக்கம் எங்கள் ஊர் நூலகத்தில் வாரத்துக்கு ஒரு நாள் காலை வயதானவர்கள் நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். குடும்ப வரலாறு தேடுகிறவர்கள். பையனுக்கு டைனோசர் புத்தகம் எடுக்கப் போன என்னை, அதில் எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா கையசைத்துக் கூப்பிட்டார். சுருட்டி வைத்திருந்த நீளக் காகிதத்தை மேசை மேல் விரித்தார். எட்டுத் தலைமுறை. உச்சியில் ஒரு பெண். 1820-களில் இங்கிலாந்தில் ஒரு துண்டுத் துணி திருடியதற்காகக் கைதிக் கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டவள். அவள் உயரம், கண்ணின் நிறம், தெரிந்த தொழில், இடது முழங்கையில் இருந்த தீக்காயத் தழும்பு வரை அந்த அம்மாவிடம் இருந்தது. தன் பிள்ளையின் மார்க்கைச் சொல்கிற பெருமையோடு சொன்னார்.

"உங்க பக்கம் எப்படி? பாட்டியோட அம்மா பேர் என்ன?" என்று பேனாவைத் திறந்தார்.

அம்மா பேரைச் சொன்னேன். அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, பேரைச் சொன்னேன். அதற்கு மேல் என் வாயில் எதுவும் வரவில்லை. அவர் பேனாவைத் திறந்தபடியே காத்திருந்தார். நல்ல மனுஷி, அவசரப்படுத்தவில்லை. எனக்குத்தான் நெஞ்சில் சுருக்கென்றது. அன்று ராத்திரியே கோயம்புத்தூருக்குப் போன் போட்டு அம்மாவிடம் கேட்டேன்.

"பெரியாத்தான்னுதான் கண்ணு கூப்புடுவோம். பேரெல்லாம் ஆரு கேட்டா? மூணு வேளை சோறு ஆக்கிப் போட்டாங்க. அது போதாதா?"

திருடிய பெண்ணின் தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறார்கள். ஊருக்கே சோறு போட்ட எங்கள் பெரியாத்தாவுக்குப் பேர்கூட மிஞ்சவில்லை. அந்த ஆற்றாமைதான் என்னை அந்த நூலகத்தின் கடைசி அலமாரிக்குக் கொண்டுபோய் விட்டது.

அந்த அலமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜா, கவர்னர், போர் எல்லாம் வேறு பக்கம். இங்கே இருப்பது ஒரு பள்ளிக்கூடத்தின் நூற்றாண்டு மலர், ஒரு தேவாலயத்தின் கதை, ஒரே ஒரு தெருவின் வரலாறு, குடும்பம் ஒன்றுகூடிய நாளுக்காக அவர்களே அச்சடித்த சுருள்கம்பி போட்ட புத்தகம். பல புத்தகங்களின் கடைசியில் பெயர் அகராதி இருக்கும். பால்காரர், ஐஸ் கட்டி கொண்டுவந்தவர், பின்கட்டுக் கக்கூஸ் வாளியை ராத்திரியில் எடுத்துப் போனவர் எல்லோருக்கும் அதில் பக்க எண் உண்டு. திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள். செம்பு அண்டாவில் வெள்ளைத் துணியைக் கொதிக்க வைத்துக் கட்டையால் கிண்டுவார்கள். ஐஸ் பெட்டி இல்லாத வீட்டில் வெண்ணெய் உருகாமல் இருக்க ஈரச் சாக்கு கட்டிய பெட்டி. 1890-களில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கூல்கார்டி தங்கச் சுரங்க ஊரில் பிறந்ததால் அந்தப் பெட்டிக்கும் அந்த ஊர்ப் பேர்தான். இதையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார், இன்னொருவர் காசு போட்டு அச்சடித்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது.

கைதி வம்சம் என்பதை இங்கேயும் ரொம்ப காலம் மூடித்தான் வைத்திருந்தார்கள். 1788 முதல் 1868 வரை பிரிட்டன் இந்தக் கண்டத்துக்கு ஏற்றி அனுப்பிய கைதிகள் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ 25,000 பேர் பெண்கள். பேரன் பேத்திகள் அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்க மாட்டார்களாம். 1970-கள், 80-களுக்குப் பிறகுதான் வெட்கம் பெருமையாக மாறியது. 2007-ல் அந்தக் கைதிப் பதிவேடுகள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலிலேயே ஏறிவிட்டன.

நாங்கள் இங்கே நன்றாகவே வேரூன்றிவிட்டோம். எந்த வாரம் மஞ்சள் மூடிக் குப்பைத்தொட்டி, எந்த வாரம் பச்சை மூடி என்பது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மேஸ் ஹில் முருகன் கோயிலில் பங்குனி உத்திரம், டூங்காபியில் முருங்கைக்கீரை, வென்ட்வொர்த்வில்லில் கோயம்புத்தூர் அரிசிம்பருப்புச் சோறுக்குத் தோதான அரிசி, எல்லாம் கைக்கெட்டும் தூரம். ஊர் ஏக்கமெல்லாம் தீர்ந்துவிட்டது என்று என் கணவரிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த போதுதான் அந்த அலமாரியில் பென்டில்ஹில் பருத்தி மில்லின் படம் கண்ணில் பட்டது. நான் தினமும் ரயில் ஏறப் போகிற வழியில், டன்மோர் தெருவில் இருந்த மில். பாண்ட்ஸ் பனியன் என்றால் இந்த நாட்டில் தெரியாத ஆள் கிடையாது. ஜார்ஜ் பாண்ட் என்ற அமெரிக்கர் தொடங்கிய கம்பெனி. 1920-களில் இங்கே நூற்பு மில் போட்டார்கள். படத்தில் தலையில் துணி கட்டிய பெண்கள் இயந்திர வரிசைக்கு நடுவில் நிற்கிறார்கள். ஒருத்தியின் புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கிறது.

அவ்வளவுதான். நான் கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் இருந்தேன். ஷிப்டு சங்கு ஊதுகிறது, அமுச்சி தூக்குப்போசியை வாசல் திண்ணையில் வைத்துவிட்டுத் தலையை உதறுகிறாள், பஞ்சு பறக்கிறது. அமுச்சி ரீலிங் செக்‌ஷன். கைத்தறிக்குப் போகிற நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றி எடுக்கிற வேலை. எங்கள் பக்கத்து மில்களில் அது பெரும்பாலும் பெண்கள் வேலை. அவள் சேலை மடியில் எப்போதும் அறுந்த நூல் பிசிறு இருக்கும். அதில்தான் எனக்கு முதன்முதலில் பூக் கட்டச் சொல்லிக் கொடுத்தாள். கோயம்புத்தூரில் 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்ததையும், பைக்காரா மின்சாரம் வந்தபின் மில்கள் பெருகியதையும் எழுதியவர்கள் உண்டு. முதலாளிகள் பேர் இருக்கும், சங்கத் தலைவர்கள் பேர் இருக்கும். ரீலிங் செக்‌ஷனில் அமுச்சியின் இடப்பக்கம் நின்றது யார் என்பதை நான் எங்கே போய்த் தேடுவது?

பென்டில்ஹில் மில்லைப் பற்றித் தேடத் தொடங்கிய பிறகு எனக்கு ராத்திரித் தூக்கம் குறைந்தது. தேசிய நூலகம் நடத்துகிற ட்ரோவ் என்ற இணைய தளத்தில் பழைய செய்தித்தாள்கள் லட்சக்கணக்கான பக்கங்கள் காசில்லாமல் கிடக்கின்றன. கணினி தப்பும் தவறுமாகப் படித்து வைத்த வரிகளைப் படிக்கிறவர்களே திருத்தலாம். பாத்திரம் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்தால், தொலைந்த குடை, கேக் போட்டியில் ஜெயித்த பெண்மணி, ஓடைக்குள் விழுந்த மாடு என்று நேரம் போவதே தெரியாது. "யாரோட மாட்டுக்கோ நீ ஏன் எழுத்துப் பிழை திருத்தறே?" என்று கணவர் கேட்பார். கேட்டுவிட்டு, மாடு பிழைத்ததா என்று அவரே எட்டிப் பார்ப்பார்.

ஆனால் படிக்கப் படிக்க ஒன்று உறைத்தது. அரசாங்கம் சாதாரண மனுஷரைப் பற்றி விவரமாக எழுதியது பெரும்பாலும் அவர்களைச் சந்தேகப்பட்ட இடத்தில்தான். கைதி ஓடிவிட்டால் பிடிக்கத்தான் கண் நிறமும் தழும்பும். 1901-ல் வெள்ளையரல்லாதவரைத் தடுக்கச் சட்டம் போட்டார்கள். ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் அதிகாரி வாசிப்பதைப் பிழையில்லாமல் எழுதிக்காட்ட வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம். 1958 வரை அந்தச் சோதனை இருந்தது. ஏற்கெனவே இங்கே குடியிருந்த இந்தியர், சீனர் ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டுமானால் விலக்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதில் நேராக ஒரு போட்டோ, பக்கவாட்டில் ஒரு போட்டோ, மை தடவிய முழு உள்ளங்கைப் பதிவு. தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிற அந்த உள்ளங்கை ஒன்றைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆயுள் ரேகை தெளிவாகத் தெரிந்தது. அவமானப்படுத்த எடுத்த பதிவை இன்று அவர் கொள்ளுப்பேத்தி கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கக்கூடும்.

எழுதாமல் விட்டதும் உண்டு. டூங்காபி 1791-ல் கைதிகளை வைத்து உழுத அரசுப் பண்ணை. அது இந்த மண்ணின் பூர்வகுடிகளான டாருக் மக்களின் நிலம். அதற்காக எதிர்த்து நின்ற பெமுல்வுய் 1802-ல் சுட்டுக் கொல்லப்பட்டார்; தலையை வெட்டி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். இன்று எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி அவர் பேரில் ஒரு புறநகரே இருக்கிறது. பழைய உள்ளூர்ப் புத்தகங்கள் பலவற்றில் ஊர்க்கதை தொடங்குவதே முதல் வெள்ளைக்காரர் வேலி போட்ட நாளில்தான். அந்தப் பக்கங்களைப் படிக்கையில் கோபம் வருகிறது.

எங்கள் பக்கத்து ஆட்களும் நடுவில் எங்காவது தலைகாட்டுவார்கள். சிட்னியில் திரும்பின பக்கமெல்லாம் மக்வாரி பேர்தான்: தெரு, பல்கலைக்கழகம், வங்கி. 1810 முதல் 1821 வரை கவர்னர். அந்த மக்வாரி அதற்கு முன்பு இந்தியாவில் பட்டாளத்தில் இருந்தவர். 1795-ல் கொச்சியில் அடிமைச் சிறுவர் இருவரை விலைக்கு வாங்கினார். ஒருவன் ஜார்ஜ் ஜார்விஸ் என்ற பேரோடு வளர்ந்து, மக்வாரியின் பணியாளாகச் சிட்னிக்கே வந்து சேர்ந்தான். கொச்சி எங்களுக்குக் கூப்பிடு தூரம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்தால் எங்கள் வீட்டுச் சன்னல் ஆடும். அந்தப் பையனைப் பெற்றவள் அவனை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாளோ!

சென்னைக் கடற்கரை ஓவியம் ஒன்றும் கான்பெராவில் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1834 வாக்கில் வரைந்தது. ஆஸ்திரேலியக் குதிரைகளை அலைக்கு நடுவே இறக்குகிறார்கள். மசூலா படகும் கட்டுமரமும் சூழ்ந்து நிற்கின்றன. பிறகு அந்த 1901 சட்டத்தால் நம் மனுஷர் இங்கே வர வழியில்லாத காலத்திலும் பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளத்துக்கு இங்கேயிருந்து குதிரை தவறாமல் போயிருக்கிறது.

இவ்வளவு சுற்றியும் என் மனம் போய் நிற்கிற இடம் நூலும் துணியும்தான். பாரமட்டாவில் 1821-ல் கட்டிய பெண் கைதிகள் தொழிற்கூடத்தில் அவர்கள் கம்பளி நூற்றார்கள். முரட்டுத் துணிக்குப் பேரே பாரமட்டாத் துணி. 1827-ல் சோற்றைக் குறைத்தபோது கதவை உடைத்துக்கொண்டு வெளியே வந்து கடைத்தெருவில் ரொட்டியைத் தூக்கினார்கள். ரயிலில் சில நிறுத்தம் தள்ளி நடந்த கதை. சிட்னி நகருக்குள் ஹைட் பார்க் பேரக்ஸ் என்ற கட்டடம். முதலில் ஆண் கைதிகள், 1848-லிருந்து தனியாகக் கப்பலேறி வந்த பெண்கள் தங்கிய இடம். பஞ்சத்தில் அநாதையான ஐரிஷ் பெண் பிள்ளைகள் 1848-க்கும் 1850-க்கும் இடையில் நாலாயிரத்துக்கும் மேல் இந்த நாட்டுக்கு வந்தார்கள். இந்த ஊருக்கு வந்தவர்கள் முதலில் படுத்தது இங்கேதான். பலகைத் தரைக்கு அடியில் எலிகள் கூடு கட்ட இழுத்துப்போன துணிக் கிழிசல், நூல், காலுறை, ஊசி எல்லாம் நூறு வருஷம் கழித்துத் தோண்டியபோது அப்படியே கிடந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சிறு துண்டுச் சீட்டித் துணி பார்த்தேன். ஓரத்தில் பாதி தைத்த தையல். அமுச்சி தைக்கிற மாதிரியே சின்னச் சின்னதாக, நெருக்கமாக. நகர மனமில்லாமல் அங்கேயே நின்றேன்.

நம் வீடுகளில் இப்படி எதுவுமே இல்லையா என்று யோசித்தபோதுதான் மொய் நோட்டு ஞாபகம் வந்தது. யார் வந்தார்கள், எந்த ஊர், எவ்வளவு எழுதினார்கள், அத்தனையும் தேதி போட்டு நாமும்தான் எழுதியிருக்கிறோம். அண்ணனிடம் சொன்னேன். பரணில் ஏறி, அம்மா கல்யாணத்து நோட்டை எடுத்து, பக்கம் பக்கமாக வாட்ஸப்பில் அனுப்பினான். 1976. நீல மை. சூலூர், இருகூர், பீளமேடு, ஒண்டிப்புதூர். எல்லாம் ஆம்பளைப் பேர்கள். கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் ஒரே ஒரு வரி: "ரீலிங் பெண்கள் — ரூ. 51."

அம்மாவுக்குப் போன் போட்டு வாசித்தேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். அமுச்சிக்கு இடப்பக்கம் நின்றவள், கும்மிப்பாட்டு பாடினவள், புள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு ஓடிவந்தவள், மேஸ்திரியை எதிர்த்துப் பேசினவள் என்று ஒவ்வொருத்தியாக அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். திடீரென்று நிறுத்தினார்.

"என்ன கண்ணு சொன்ன? அம்பத்தொண்ணா? நூத்தியொண்ணு! பொட்டலத்தப் பிரிச்சு நாந்தான் எண்ணுனேன், ஒத்த ரூவா நோட்டாவே இருந்துச்சு. மொய் எழுதுனது உங்க மாமன். அவனுக்கு மில்லுக்குப் போற பொம்பளைங்கன்னாலே எளக்காரம். நீ நூத்தியொண்ணுன்னே போடு."

நோட்டில் இருக்கும் தொகையையும், அம்மா எண்ணிய தொகையையும், மாமா எழுதினார் என்பதையும் சேர்த்தே எழுதிக்கொண்டேன். அம்மா அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்.