நேர்த்தி அவனுடையது

மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தது நானல்ல, என் நண்பன். வைகாசி வந்தால் வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கல் பானையோடு நிற்கிறவன், கழுத்தில் உருத்திராட்சம். ஞானஸ்நானம் பெற்று, முதல் நன்மை வாங்கி, இத்தனை வருடமாகப் பூசைக்குப் போய்வருகிற நான் அவனுக்குத் துணையாகத்தான் போனேன். வழியில் கண்டவர்களோ என்னை யாத்திரிகன் என்றும் அவனை என் கமராப் பை தூக்க வந்தவன் என்றும் நினைத்துக்கொண்டார்கள்.

2024 ஆவணித் திருவிழா. பஞ்சாங்கப்படி அன்று ஆடி முடியவில்லை. ஆனால் எங்கள் ஆட்களுக்கு யூலை 2 என்றால் ஆடித் திருவிழா, ஓகஸ்ட் 15 என்றால் ஆவணித் திருவிழா. "உங்கட மாதா பஞ்சாங்கம் பாக்கிறேல்லையோ?" என்று கேட்டான். மாதாவுக்கு முடிசூட்டியது 1924 யூலை 2. அதன் நூறாவது வருடத்துக்கே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்தான். அந்த நேரம் எனக்கு இரண்டு கலியாண வீட்டு வேலை. நேர்த்தியைப் பிற்போட்டதற்குக் குற்றம் என்மேல்.

முள்ளியவளையிலிருந்து மோட்டார் சைக்கிளில் நெடுங்கேணி, புளியங்குளம், வவுனியா. அங்கிருந்து பூவரசங்குளம், பறையனாலங்குளம் தாண்டி மடுச்சந்தி. சந்தியில் தெரிந்த ஒரு வீட்டில் சைக்கிளை விட்டோம். கோயிலுக்கு இன்னும் 12 கிலோமீற்றர் அளவு இருக்கும். அதை நடப்பதுதான் நேர்த்தி.

பிற்பகல் மூன்று மணிக்கு வன்னி வெயிலில் படம் எடுக்க வெளிக்கிடுகிறவன் ஒன்றில் புதியவன், அல்லது என்னைப்போல் வழக்கம் விடாதவன். வானம் வெளுத்துக் கிடக்கும், முகங்களில் கண் இருக்கிற இடம் குழியாகத் தெரியும். சோளகக் காற்று புழுதியைக் கிளப்பிக் கொண்டே இருந்தது. நிறைய ஆட்களோடு வான்கள், மோட்டார் சைக்கிளில் குடும்பம் குடும்பமாகப் பெடியள், ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் முழு வீடே பாயும் சட்டிபானையுமாகப் போனது. நாலரை மணி தாண்டினபிறகுதான் வெளிச்சம் வழிக்கு வந்தது. வெயில் எங்களுக்கு இடப்பக்கம், சற்றுப் பின்னால். எங்கள் நிழல் வலப்பக்கத்துக் காட்டுக்குள் விழுந்து, நண்பனின் நிழல் ஒரு பாலை மரத்தில் ஏறி இறங்கி அடுத்த மரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. புழுதியும் பொன்போல. மத்தியானம் முழுக்க நான் திட்டின அதே புழுதி.

வெளிச்சத்தைக் கண்ணால் அளக்க நான் பழகியது ஆசையால் இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பற்றறி வராது. என் குருநாதர் தந்தது ஒரு பென்டாக்ஸ் கே1000. நல்லகாலம், அதன் ஷட்டர் முழுக்க இயந்திரம். பொத்தான் பற்றறி தேவைப்படுவது வெளிச்சம் அளக்கிற ஊசிக்கு மட்டும்தான். பற்றறி இல்லாததால் ஊசி வருடக்கணக்கில் ஆடாமல் கிடந்தது. "நிழலின்ர ஓரத்தைப் பார். கத்தியால வெட்டினமாதிரி இருந்தா எஃப் 16. ஓரம் மங்கினா ஒண்டு திற, நிழலே இல்லையெண்டா மூண்டு திற" என்பார், லென்ஸ் துளையின் அளவை. இன்றைக்கும் நல்ல டிஜிட்டல் கமராவைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் நிலத்தைத்தான் பார்க்கிறேன்.

அதற்கும் முந்திய பாடம் இதே மடுவில் நடந்தது. 1990இல் மன்னார்ப் பக்கத்திலிருந்து ஓடிவந்து கோயில் வளவில் அகதிகளாக இருந்தோம். எனக்குப் பதினாலு வயது. மண்ணெண்ணெய் கிடைப்பது அருமை என்பதால் அம்மா ஜாம் போத்தல் விளக்கு வைப்பா. அடியில் பஞ்சு, அதில் ஒரு கை அளவு எண்ணெய் ஊற, சைக்கிள் ரியூப் வால்வுக்குள் திரி, கம்பியில் தொங்கும். ஒரு சுடர், பயற்றங்காய் விதை அளவு. அந்தச் சுடரைச் சுற்றி ஏழு பேர் செபமாலை சொல்லுவோம். யாருடைய முகத்திலும் பாதிக்கு மேல் தெரியாது. மற்றப் பாதி இருட்டு. பிறகு கலியாண வீடுகளில் நாலு பக்கமும் லைற் அடித்து எல்லார் முகத்தையும் தோசைபோல் வெளுப்பாக்கி எடுக்கச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கை கூசும். எடுத்துத்தான் கொடுக்கிறேன். வயிறு இருக்கிறதே.

வழியில் தண்ணீர்ப் பந்தலில் சர்க்கரைத் தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, "இந்தச் சுரூபம் எங்கயிருந்து வந்தது?" என்று கேட்டான். மாந்தையிலிருந்து என்றேன். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலம், 1670. இருபது குடும்பம் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்து மருதமடுவில் குடியேறியது. பிறகு 2008 சித்திரையில் சண்டை நெருங்க, சுவாமிமார் மாதாவைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஆவணியில் திரும்பி வந்தா. அவன் கொஞ்சத் தூரம் பேசாமல் நடந்தான்.

"அப்ப மாதாவும் ரெண்டு தரம் இடம்பெயர்ந்தவ" என்றான். "நாங்கள் எட்டுத் தரம்."

அந்த எட்டில் கடைசிக்கு முந்தியதில்தான் இந்த நேர்த்தி வந்தது. 2008 மார்கழி. முள்ளியவளையை விட்டு வெளிக்கிடவேண்டிய நாள். எனக்குக் கையில் ஒரு பிள்ளை, இடுப்பில் ஒரு பிள்ளை. ஸ்ரூடியோவில் இருந்த நெகற்றிவ் எல்லாம் ஒரு றங்குப் பெட்டி. விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை, தூக்கவும் ஏலாது. "நீ பிள்ளையளப் பார்" என்றான். இரண்டு யூரியாப் பைக்குள் கட்டி, மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளியில் அமுக்கி, தன் மாட்டுக் கொட்டிலின் மூலையில் தாட்டான். புதைக்கும்போது அம்மனைத்தான் கூப்பிடப் பார்த்தானாம். 'இது வேதக்காரன்ர சாமான், அவையின்ர ஆளையே கேப்பம்' என்று மடு மாதாவிடம் நேர்ந்தானாம். நடந்து வந்து மெழுகுதிரி கொழுத்துவேன் என்று. இதை அவன் எனக்குச் சொன்னதே பதினைந்து வருடம் கழித்து.

மெனிக்பாம் முகாமெல்லாம் முடிந்து 2011இல் ஊருக்குத் திரும்பித் தோண்டினோம். வாளி வெடித்திருந்தது. மழைத்தண்ணி இறங்கி, நெகற்றிவ் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் படம் பசைபோல் உரிந்து விரலில் வந்தது. வருடக்கணக்கான கலியாணம், ஞானஸ்நானம், பூப்புனித நீராட்டு விழா. எல்லாம் விரலில் ஒட்டின பழுப்புச் சேறு. நடுவில் அமுங்கிக் கிடந்த இரண்டு சுருளில் சில துண்டுகள் மட்டும் தப்பியிருந்தன.

தப்பினது நல்ல படமா என்றால் இல்லை. பாதை திறந்து பிலிம் தாராளமாக வந்த காலத்தில், 2003இல் எடுத்தது. வற்றாப்பளைப் பொங்கலுக்கு முந்திய கிழமை முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரிப்பார்கள். எண்ணெய் இல்லை, கடலில் எடுத்த தீர்த்தம்தான். விஞ்ஞானம் கேட்பவர்கள் கேட்கட்டும். கானாவூர்க் கலியாணத்தில் தண்ணீர் இரசமானதை நம்புகிற கலியாணப் படக்காரன் நான், எனக்கு அந்தக் கேள்வி கேட்க வாய் இல்லை. தள்ளி நின்று, தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை அடக்கி எடுத்த படம். வெளிச்சம் போதவில்லை. முக்கால்வாசி கறுப்பு. சுடர் ஒன்று, ஓரத்தில் தட்டத்தோடு நிற்கிற ஒருவரின் பாதி முகம். அன்றைக்கே பழுது என்று ஒதுக்கினது.

அந்தப் பாதி முகம் நண்பனின் அப்பு. அவர் 2009 மாசியில் போய்விட்டார். வீட்டு அல்பம், அடையாள அட்டை, ஒன்றும் மிஞ்சவில்லை. ஊருக்குத் திரும்பின நாட்களில் என் ஸ்ரூடியோவுக்கு வந்த சனம் பாதி இந்த வேலைக்குத்தான் வந்தது: பெருவிரல் அளவு அடையாள அட்டைப் படத்தைத் தந்து, பெருப்பித்து, சேட்டுக்கு மேல் கோட் போட்டுத் தரச் சொல்லுவார்கள். அப்படித் தர அவனிடம் அந்த அட்டையும் இல்லை. நான் அந்த ஒரு துண்டைக் கழுவி, ஸ்கான் பண்ணி, பெருப்பித்தேன். படத்தின் மணி ஒவ்வொன்றும் எள்ளளவு. கிட்டப் போனால் முகமே இல்லை, புள்ளிதான். எட்டி நின்றால் அப்பு. அதை வீட்டில் மாட்டி விளக்கு வைத்திருக்கிறான். கோட் போடவா என்று கேட்டேன். "அப்பு ஆயுளில கோட் போட்டவரே?" என்றான்.

ஆறு மணிக்குக் கோயில் வளவில் கால் வைத்தோம். சனம் சொல்லி முடியாது. மரத்துக்கு மரம் கூடாரம், அடுப்புப் புகை, கச்சான் கடை, ஒலிபெருக்கியில் காணாமல்போன பிள்ளையின் சேட்டு நிறம். 2015 தை 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் இங்கே வந்த அன்று இதைவிடக் கூட்டம். நான் வந்தேன், நண்பன் வரவில்லை. அடுத்த நாள் தைப்பொங்கல், அவனுக்குச் சாமான் வாங்க இருந்தது.

வேஸ்பர் என்கிற மாலைச் செபம் முடிந்து இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு மரத்தடி பிடித்தோம். பக்கத்தில் சிலாபத்திலிருந்து வந்த சிங்களக் குடும்பம், வயதான ஒரு அம்மா, மூன்று மகள்மார். எங்களுக்குச் சிங்களம் கடைக்குப் போதும், அவவுக்குத் தமிழ் செபத்துக்குப் போதும். தேங்காய்ப்பூ ரொட்டி இரண்டை இலையில் வைத்து நீட்டினா. நண்பன் தன் பையைத் திறந்து மெழுகுதிரியை எடுத்தான். முள்ளியவளையில் வாங்கின, ஒரு முழ நீளத் திரி. வெயிலில் நடந்த மூன்று மணித்தியாலத்தில் என் கமராவோடு நெருங்கிக் கிடந்து வில்லுப்போல் வளைந்திருந்தது. இரண்டு உள்ளங்கைக்குள் வைத்து உருட்டி நிமிர்த்தப் பார்த்தான். நடு நிமிர்ந்தால் நுனி வளைந்தது. அந்த அம்மா சிரித்துவிட்டு, தன் கட்டிலிருந்து புதுத் திரி ஒன்றை எடுத்துக் கொடுத்தா. வேண்டாம் என்று கும்பிட்டான். நேர்ந்தது இதைத்தான் என்பதை எந்தப் பாஷையில் சொல்லுவது? அவவுக்கு விளங்கியிருக்க வேண்டும், திருப்பி வைத்துவிட்டா.

மெழுகுதிரி கொழுத்துகிற இடத்துக்குப் போனபோது பத்து மணி இருக்கும். வானத்தில் அரையைத் தாண்டிய நிலவு. நான் கமராவில் நிறச் சமநிலையை வெயிலுக்கு மாற்றினேன். ஓட்டோவில் விட்டால் அது மெழுகுதிரி மஞ்சளைப் பிழை என்று நினைத்துத் திருத்தி, எல்லாவற்றையும் ஆசுபத்திரி வெளிச்சமாக்கிவிடும். நூற்றுக்கணக்கான சுடரின் சூடு முகத்தில் அடித்தது. அவன் வளைந்த திரியைக் கொழுத்தி, சரியாமல் இருக்க இரண்டு திரிக்கு நடுவில் சாய்த்து நட்டான். கும்பிட்டான். உதடு அசையவில்லை. நான் எடுத்தேன், பத்துப் பதினைந்து.

திரும்பி, "அதை இங்க தா" என்றான். "எல்லாரையும் எடுக்கிறாய். உன்னை ஆர் எடுத்தது?"

உண்மைதான். பாஸ்போட் சைஸ் தவிர என்னிடம் என் படம் இல்லை. பட்டியைக் கழற்றிக் கொடுத்தேன். எதை அமத்துவது, எதற்குள்ளால் பார்ப்பது என்று கேட்டான். மண்வெட்டி பிடிக்கிற கை, கமராவை வாளித் தண்ணிபோலப் பிடித்திருந்தது. மெழுகுதிரிகளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எத்தனை மாப்பிள்ளைமாரிடம் "கையைச் சும்மா விடுங்கோ தம்பி" என்று சொல்லியிருப்பேன்!

காலையில் பூசை, சுரூபப் பவனி, ஆயரின் ஆசீர்வாதம். அவன் கைக்குட்டையில் ஒரு பிடி மடு மண் முடிந்துகொண்டான், பாம்புக் கடிக்கு என்று. வயல்காரனுக்கு அது வேண்டியதுதான். சந்திக்குத் திரும்பும்போது நடக்கவில்லை, பஸ். தேத்தண்ணிக் கடையில் இருந்து கமராவின் பின்பக்கத்தைக் கையால் வெயிலுக்கு மறைத்துக்கொண்டு இருவரும் பார்த்தோம். என் பதினைந்தையும் தள்ளி, தன்னுடையதில் வந்து நின்றான்.

"உன்ர தலையைக் காணேல்லை மச்சான்" என்றான். கொஞ்சம் கிட்டப் பிடித்துப் பார்த்தான். "திரி வளைஞ்சது நல்லாத் தெரியுது. இதையே பெருப்பிச்சுத் தா."