ஓடுமா?

அப்பாவின் பிக்கப்பை விற்கப்போகிறோம் என்றதும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: “ஓடுமா?” 19 வருடம் கொட்டகைக்குள் நின்ற வண்டி. எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்றே சொல்லி விற்கலாம் என்றேன். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. “ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டினா விலையே வேற” என்று பேட்டரியோடு வந்து நின்றான். 12 வோல்ட் பேட்டரி. வண்டியோ 6 வோல்ட்.

1952 செவர்லே 3100. ஆறு சிலிண்டர், ஸ்டார்ட்டரைக் காலால் மிதிக்க வேண்டும். பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால். அதனால் கதவைத் திறந்ததுமே மூக்குக்குச் செய்தி வந்துவிட்டது: பெட்ரோல் வாடை போய் வார்னிஷ் வாடை. எளிதில் ஆவியாவதெல்லாம் பறந்துபோய், மிச்சம் பிசினாக நிற்கிறது. அதை கார்புரேட்டருக்குள் இழுத்துவிட்டால் அப்புறம் அதைக் கழுவுவதே தனி வேலை. வால்வு ஒட்டியிருக்கும்போது ஸ்டார்ட்டரை மிதித்தால், அதைத் திறக்க உதவும் கம்பியான புஷ்ராடு வளையவும் கூடும். ஒரு நிமிட வீடியோவுக்காகவா?

கடைசியில் ஆறு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் விட்டு மூன்று நாள் அப்படியே விட்டோம். நான்காம் நாள் பெல்ட்டை ஒரு கையால் அழுத்திக்கொண்டு விசிறியை இழுத்தேன். முதலில் அசையவில்லை. பிறகு, தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல, மெதுவாக ஒரு சுற்று. அண்ணன் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். விளம்பரத்தில் எழுதினேன்: “எஞ்சின் கையால் சுற்றுகிறது. ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை. பின்பக்க இடது சக்கரம் பிடித்திருக்கிறது.” சீட் ஸ்பிரிங்கில் எலி கட்டிய கூட்டையும் படம் எடுத்துப் போட்டேன்.

அடுத்த சண்டை வலது மட்கார்டில் இருந்த நசுங்கலுக்கு. தட்டி நிமிர்த்தி பெயிண்ட் அடிக்கலாம் என்றான். கூடாது என்றேன். பழைய பெயிண்ட் அப்படியே இருந்தால்தான் வாங்குகிறவர் கீழே என்ன இருக்கிறதென்று நம்புவார். புதுப் பூச்சைப் பார்த்தால் துருவை மறைத்திருப்பார்களோ என்றுதான் தோன்றும். இது நியாயமான காரணம். வேறொரு காரணமும் இருந்தது. அந்த நசுங்கலுக்காக அப்பா அண்ணனை ஒரு மாதம் சாவியைத் தொட விடவில்லை.

முதலில் வந்தவர் எஞ்சின் சத்தம் கேட்க வேண்டும் என்றார், போய்விட்டார். இரண்டாமவர் டார்ச்சும் ஸ்க்ரூடிரைவருமாக வந்து எதுவும் பேசாமல் கீழே படுத்தார். கேபினின் அடி மூலைகளைக் குத்திப் பார்த்தார், ஒன்று பொத்துக்கொண்டது. எழுந்து, கதவுத் தூணில் இருந்த தகட்டு எண்ணை ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்துக் காகிதத்தோடு சரிபார்த்தார். டயர், பிரேக், அந்த மூலை என்று மூன்றுக்கும் விலையில் கழித்தார். எனக்கு வருத்தமில்லை. நான் மனதில் கழித்ததும் ஏறக்குறைய அதே.

அவர் ஆட்கள் பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பிரேக்கைத் தளர்த்தி, டிரம்மைச் சுற்றிலும் தட்டினார்கள். ஏழெட்டு தட்டில் விட்டது. விஞ்சில் கட்டி லாரியில் ஏற்றும்போது அவர் மட்கார்டைத் தடவிக்கொண்டே கேட்டார், “இது எப்படி ஆச்சு?”

“நான்தான். ரிவர்ஸ் எடுக்கும்போது கேட் தூணில்” என்றேன்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த அண்ணன் மெதுவாகத் திரும்பினான்.