புதுக் காரும் ஐந்நூறு யூனிட்டும்

1 அக்டோபர் 2025, புதன், சத்துவாச்சாரி, வேலூர்

ஆயுத பூஜை. ஒன்பது வயதான எங்கள் பெட்ரோல் காருக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும்போது, அடுத்த ஆண்டு புது வண்டிக்குத்தான் பூஜை என்றார் என் கணவர். செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி மாறியதிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். மின்சாரக் காருக்கு 5 சதவீதம், சிறிய பெட்ரோல் காருக்கு 18, நான்கு மீட்டர் நீளத்தைத் தாண்டும் ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள) காருக்கு 40. பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் வண்டிக்கும் அதைக் குடித்துத் தீர்க்கும் வண்டிக்கும் ஒரே வரி விதித்திருப்பதன் நியாயம் எனக்குப் பிடிபடவில்லை.

5 அக்டோபர், ஞாயிறு

மூன்று ஷோரூம் ஏறி இறங்கினோம். தமிழ்நாட்டில் மின்வாகனங்களுக்கு இந்த டிசம்பர் 31 வரை சாலை வரி முழுவதும் விலக்கு. பத்து முதல் இருபது லட்சம் வரையிலான மற்ற கார்களுக்கு 18 சதவீதம். "டிசம்பருக்குள்ள புக் பண்ணிடுங்க மேடம்" என்று அந்தப் பையன் ஐந்து முறையாவது சொல்லியிருப்பான். சலுகைகளெல்லாம் போக, ஏறத்தாழ அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட மின்சாரக் காருக்கு நான்கு லட்சமும், ஹைபிரிட்டுக்கு அதன் சாதாரண பெட்ரோல் வகையைவிட இரண்டரை லட்சமும் கூடுதலாகின்றன. இந்தக் கூடுதல் திரும்பி வருமா என்பதுதான் கேள்வி.

8 அக்டோபர், புதன்

அத்தைக்கு மின்சாரக் கார் என்றாலே அச்சம். 2022 மார்ச்சில் இதே ஊரில், சின்ன அல்லாபுரத்தில், இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்துத் தந்தையும் மகளும் இறந்ததை அவர் மறக்கவில்லை. "வண்டியை வெளிய நிறுத்திதான் சார்ஜ் போடணும், சொல்லிட்டேன்" என்றார். ஸ்கூட்டரின் பேட்டரியும் காரின் பேட்டரியும் ஒன்றல்ல என்று விளக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் கேட்டது விளக்கமன்று.

12 அக்டோபர், ஞாயிறு

உடன் வேலை செய்யும் ஆசிரியையின் மின்சாரக் காரை இரவல் வாங்கி ஆம்பூர் வரை போய்த் திரும்பினோம். நூறு கிலோமீட்டர், ஏசி போட்டபடி, பெரும்பாலும் எண்பது வேகத்தில். புறப்படும்போது 96 சதவீதமாக இருந்த சார்ஜ், வீட்டு வாசலுக்கு வந்தபோது 61. பேட்டரி 45 யூனிட் கொள்வது என்பதால், யூனிட்டுக்கு ஆறேகால் கிலோமீட்டர் கிடைத்திருக்கிறது. விளம்பரத்தில் போட்டிருக்கும் தூரத்துக்கும் இதற்கும் வெகு தொலைவு. ஆனாலும், பெங்களூருவிலிருக்கும் மகளைப் பார்க்க ஒரே மூச்சில் போய்ச்சேர இது தாராளம். திரும்பி வரத்தான் வழியில் எங்காவது சார்ஜ் போட்டுக் காத்திருக்க வேண்டும். ஓட்டுவதற்கோ வெண்ணெய்; காட்பாடி மேம்பாலத்து நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து வலிக்கும் என் இடது காலுக்கு அன்று முழு ஓய்வு.

19 அக்டோபர், ஞாயிறு

நாளை தீபாவளி. முறுக்குக்கு எண்ணெய் காயும் நேரத்தில் கணக்கு நோட்டை எடுத்தேன். பழைய கார் ஒன்பது ஆண்டுகளில் ஓடியது 58,000 கிலோமீட்டர். மாதத்துக்கு 540-கூட இல்லை. நாங்கள் நிறைய ஓட்டுகிறோம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தோம்.

வீட்டில் சார்ஜ் போட்டால் செலவே இல்லை என்பவர்கள் மின்கட்டணத்தின் அடுக்குகளை மறந்துவிடுகிறார்கள். இரண்டு மாதத்துக்கு எங்கள் வீட்டில் 380 யூனிட் ஆகிறது. சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்துக் காருக்கு 190 யூனிட் கூடினால் மொத்தம் 570 ஆகிவிடும். ஐந்நூறைத் தாண்டிவிட்டால், மேலே போகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் எட்டு ரூபாய்க்கு மேல் என்பதோடு, கீழ் அடுக்கில் 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்துவந்த மலிவு விலையும் கைவிட்டுப் போகிறது. ஆக, பில்லில் ஏறக்குறைய 1,550 ரூபாய் கூடும். அதே தூரத்துக்கு, லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுக்கும் காரில் பெட்ரோல் 7,300 ரூபாய்க்குப் போட வேண்டும். மிச்சம் ஆண்டுக்கு 34,500. நான்கு லட்சத்தை எடுக்கப் பதினொன்றரை ஆண்டுகள் ஆகும். பேட்டரிக்கு அவர்கள் தரும் வாரண்டி எட்டே ஆண்டுகள்.

ஹைபிரிட்டின் நிலை இன்னும் மோசம். பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலைப் பேட்டரியில் சேமித்து, நெரிசலில் எஞ்சினை நிறுத்திவிட்டு ஓடுவதுதான் அதன் சாமர்த்தியம். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது அந்தச் சாமர்த்தியத்துக்கு வேலை குறைவு. லிட்டருக்கு 22 கிலோமீட்டர் கொடுத்தாலும் ஆண்டுக்கு 14,000 ரூபாய்தான் மிஞ்சும். இரண்டரை லட்சம் திரும்பப் பதினெட்டு ஆண்டுகள். அதற்குள் நாங்கள் இருவரும் பணி ஓய்வு பெற்று, வண்டியும் ஓய்ந்திருக்கும்.

கணக்கில் மூழ்கியதில் ஓர் ஈடு முறுக்கு கருகிப் போயிற்று.

2 நவம்பர், ஞாயிறு

தம்பி வந்திருந்தான். அவன் வேலைக்காக நாள்தோறும் காஞ்சிபுரம் போய் வருகிறான்; மாதம் 3,400 கிலோமீட்டர். அவனுக்காக அதே நோட்டில் அடுத்த பக்கத்தில் எழுதிப் பார்த்தோம். அவன் காருக்கு ஏறும் மின்சாரம் முழுவதும் உச்ச அடுக்கிலேயே விழுந்தாலும் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் அளவில் நின்றுவிடுகிறது. பெட்ரோலுக்கு இப்போது அவன் கொடுப்பது ஆறே முக்கால். மாதம் 16,000 ரூபாய் மிச்சம், இரண்டே ஆண்டுகளில் நான்கு லட்சமும் கைக்கு வந்துவிடும். "அக்கா, நீ வாங்காத வண்டியை நான் வாங்கறேன்" என்று சொல்லி, மாலையே போய் முன்பணம் கட்டிவிட்டான்.

9 நவம்பர், ஞாயிறு

பழைய காருக்கு நான்கு டயர்களும் ஒரு பேட்டரியும் மாற்றினோம். என் கணவருக்கு மனத்தாங்கல்தான். டயர் கடையில் என்னோடு அதிகம் பேசவில்லை. தம்பி வீட்டில் சார்ஜருக்காக மின்வாரியத்தில் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். அவன் வண்டியைத் திண்ணைக்கு வெளியே, வேப்பமரத்தடியில்தான் நிறுத்த வேண்டும் என்று அத்தை இப்போதே போன் போட்டுச் சொல்லிவிட்டார்.