ப்ராசசர் மாற்றிய பிறகு திரை வராத மூன்று நாட்கள்

காவேரிப்பட்டணத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்து அச்சடித்துக் கொடுக்கிறேன். கடைக் கணினியில் 2019-ல் வாங்கிய பி450 மதர்போர்டும் ரைசன் 3 2200ஜி ப்ராசசரும் இருந்தன. நாலே கோர், அதாவது உள்ளே கணக்குப் போடும் மூளை நாலுதான். குடும்பப் படம் நிறைய வைத்த பத்திரிகையைக் கோரல் டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் திறந்தால் ஒரு எழுத்தை நகர்த்துவதற்கே திணறும். ஆவணி முகூர்த்தம் தொடங்குவதற்குள் மாற்றிவிட வேண்டும் என்று பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய், ஏற்கெனவே யாரோ பயன்படுத்திய ரைசன் 5 5600 ஒன்று வாங்கி வந்தேன். ஆறு கோர், பன்னிரண்டு திரெட், அதாவது ஒரே நேரத்தில் பன்னிரண்டு வேலை ஓட்டும். ப்ராசசர் உட்காரும் சாக்கெட் இரண்டுக்கும் ஒரே ஏஎம்4, இரண்டும் 65 வாட். கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ், ப்ராசசரைக் குளிர்விக்கும் கூலர் எதையும் மாற்ற வேண்டாம், கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

கழற்றும்போதே முதல் அடி விழுந்தது. கூலரின் நாலு திருகையும் எடுத்துவிட்டு நேராக மேலே இழுத்தேன். சாக்கெட்டின் லிவரைத் தூக்கவே இல்லை, ப்ராசசர் கூலரோடு ஒட்டிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட் இத்தனை வருஷத்தில் காய்ந்து கோந்து மாதிரி இறுகியிருந்தது. மெஷினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, பேஸ்ட் இளகிய பிறகு அணைத்து, கூலரை இப்படியும் அப்படியும் லேசாகத் திருப்பித் தூக்கியிருக்க வேண்டும். ஹேர் டிரையரால் சூடு காட்டிப் பிரித்து, இனி இது எதற்கு என்று மேஜையில் ஒரு ஓரமாக வைத்துவிட்டேன்.

புதியதை மாட்டி ஸ்விட்ச் போட்டேன். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு.

ரேமைக் கழற்றி அழிரப்பரால் துடைத்தேன். ஒரு ரேம் மட்டும் போட்டுப் பார்த்தேன். போர்டிலுள்ள பட்டன் பேட்டரியை எடுத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து மாட்டினேன். இன்னொரு மெஷினின் எஸ்எம்பிஎஸ்ஸைக் கொண்டுவந்து மாட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் வந்து பார்த்த தம்பி, ஹார்டுவேர் வேலை தெரிந்தவர், "போர்டு போயிருச்சுண்ணா, வேற போட்டுடலாம்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. முந்தின நாள் காலைவரை ஒரு குறையும் இல்லாமல் ஓடிய போர்டு அது.

அன்று ராத்திரி கடை லைட்டை அணைத்துவிட்டுக் கிளம்பும்போது, திறந்து கிடந்த கேபினட்டுக்குள் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. பெரிய பவர் கேபிள் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் கடுகளவு விளக்குகள் நாலு வரிசையாக இருக்கின்றன. சிபியு (ப்ராசசர்), டிரேம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கும் வட்டு) என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. போர்டு உயிர் வரும்போது இந்த வரிசையில் ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது, எங்கே தடை வருகிறதோ அந்த விளக்கு அணையாமல் நிற்கிறது. பகல் வெளிச்சத்தில் இது என் கண்ணிலேயே படவில்லை. எரிந்துகொண்டிருந்தது சிபியு விளக்கு.

போர்டு கம்பெனியின் தளத்தில் என் மாடலைத் தேடி ப்ராசசர் பட்டியலைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. 5600 வெளிவந்தது 2022-ல். என் போர்டில் இருந்தது 2019-ல் எழுதிய பயாஸ், அதாவது மெஷினை எழுப்ப போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள். சாக்கெட் பொருந்தினாலும் அந்தப் பயாஸுக்கு இந்த ப்ராசசர் யாரென்றே தெரியாது. பயாஸைப் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்க மெஷின் ஓட வேண்டும், ஓட போர்டுக்குத் தெரிந்த ப்ராசசர் வேண்டும். ப்ராசசரே இல்லாமல் பென்டிரைவை மட்டும் செருகி ஒரு பட்டனை அழுத்திப் பயாஸ் ஏற்றும் வசதி சில போர்டுகளில் உண்டு. என்னுடையதில் இல்லை.

ஆக, மேஜை ஓரத்தில் கிடந்த 2200ஜி தான் கதி. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஒரு மூலையில் மூன்று பின்கள் சாய்ந்திருந்தன.

ஏஎம்4 ப்ராசசரின் அடியில் 1331 பின்கள், ஒவ்வொன்றும் மிக மெல்லியது. அச்சுப் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டேன். லெட் எடுத்துவிட்ட 0.7 மைக்ரோ பென்சிலின் முனைக் குழாயைச் சாய்ந்த பின்னின் மேல் செருகி, இம்மி இம்மியாக நிமிர்த்தினேன். ஒரேயடியாக வளைத்தால் ஒடிந்துவிடும். ஒரு தடவை கொஞ்சம் நிமிர்த்தி, பக்கவாட்டில் வைத்து வரிசை பார்த்து, மறுபடி கொஞ்சம். மூன்று பின்னுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு சாக்கெட்டின் மேல் வைத்தேன். அழுத்தவே இல்லை, தன் எடையிலேயே உள்ளே இறங்கி உட்கார்ந்தது. அந்த நிமிஷம் எனக்கு வந்த நிம்மதி, கடைசியில் திரை வந்தபோதுகூட வரவில்லை.

பழைய ப்ராசசரோடு மெஷின் எழுந்தது. ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் பயாஸ் கோப்பை ஏற்றிக்கொண்டேன். மெஷினை யுபிஎஸ்ஸில் மாட்டி, அதன் பேட்டரி தாங்குகிறதா என்று சோதித்த பிறகுதான் புதுப்பிக்கத் தொடங்கினேன். பாதியில் கரண்ட் போனால், அந்தத் தம்பி சொன்னபடி போர்டு நிஜமாகவே போய்விடும்.

மூன்றாம் நாள் காலை மறுபடி 5600. சிபியு விளக்கு எரிந்து அணைந்தது. டிரேம் விளக்கு கொஞ்ச நேரம் நின்றது, அதுவும் அணைந்தது. விஜிஏ விளக்கு எரிந்து அப்படியே நின்றது. திரை அப்போதும் கறுப்புதான், ஆனால் இரண்டு படி தாண்டிவிட்டோம் என்று தெரிந்தது. மானிட்டர் கேபிளைப் பின்தொடர்ந்து போனேன். போர்டிலேயே செருகியிருந்தது. 2200ஜி-யின் பெயரில் உள்ள அந்த ஜி, திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது என்பதற்கான எழுத்து. 5600-ல் அது கிடையாது, 5600ஜி-யில்தான் உண்டு. வாங்கும்போது கோரையும் விலையையும் பார்த்த நான் இதைக் கேட்கவில்லை.

பக்கத்து போட்டோ ஸ்டுடியோ அண்ணனிடம் ஜிடி 710 கிராபிக்ஸ் கார்டு ஒன்று சும்மா கிடந்தது. "எடுத்துக்க தம்பி, மெதுவா குடு" என்றார். மாட்டி, கேபிளை அதில் செருகியதும் திரையில் எழுத்து வந்தது. எஃப்டிபிஎம், அதாவது பூட்டுச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி, மாறியிருக்கிறது, அழித்துப் புதிதாக்க ஒய் அழுத்து, வேண்டாமென்றால் என் அழுத்து என்றது. ப்ராசசர் மாறினால் இது வருவது வழக்கம்தான். வட்டில் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு இருந்தால் மட்டும் அதன் ரெக்கவரி கீயை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஃபைல்களை மறந்துவிட வேண்டியதுதான். என்னிடம் அந்தப் பூட்டு இல்லை. ஒய் அழுத்தினேன், விண்டோஸ் திறந்தது.

பதினாறு பக்கப் பத்திரிகை ஒன்று மூன்று நாளாகக் காத்திருந்தது. அதைத் திருத்தி முடித்து, சாயங்காலம் ஆறு மணிக்குள் அச்சுப் பிளேட் போடச் சேலத்துக்கு அனுப்பிவிட்டேன்.