நவம்பர் 5, அக்கா ஊர் வெடி

சில வருடம் மாம்பலத்தில் தீபாவளிக் குப்பையை அள்ளி முடித்த பிறகுதான் இங்கிலாந்தின் லீட்ஸில் அக்கா வீட்டுப் பக்கம் வெடிச்சத்தம் ஆரம்பிக்கும்.

1605-இல் முதலாம் ஜேம்ஸ் மன்னரைப் பாராளுமன்றத்தோடு சேர்த்துத் தகர்க்க ஒரு கத்தோலிக்கக் கூட்டம் திட்டம் போட்டது. பிரபுக்கள் அவைக்குக் கீழே 36 பீப்பாய் வெடிமருந்தோடு கய் ஃபாக்ஸ் பிடிபட்டார். மன்னர் பிழைத்ததற்காக அந்த நவம்பர் 5 அன்று மூட்டிய தீ இன்னும் அணையவில்லை; வருடாவருடம் அதே நாளில் மூட்டுகிறார்கள். கந்தல் சட்டை மாட்டிய கய் பொம்மையும் அதில் எரியும். 1859 வரை நவம்பர் 5 சட்டப்படி நன்றி சொல்லும் நாள். இப்போது குளிருக்கு நெருப்பு, கையில் மத்தாப்பு, அவ்வளவுதான். யார்க்கில் கய் ஃபாக்ஸ் படித்த பள்ளியில் மட்டும் பொம்மை எரிப்பதில்லையாம். பழைய மாணவரை எரிப்பது முறையில்லைதானே!

அம்மாவுக்குச் சரித்திரம் வேண்டாம். "அன்னிக்கு என்னடி சாப்பிடுவாங்க?" பார்கின் என்றாள் அக்கா. ஓட்ஸ், இஞ்சிப்பொடி, கருப்புச் சர்க்கரைப்பாகு சேர்த்த யார்க்‌ஷயர் கேக். செய்து சில நாள் டப்பாவில் மூடி வைத்தால்தான் பதம் வரும். "இஞ்சியும் பாகுமா? அப்ப நம்ம தீபாவளி லேகியம்தான்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள் அம்மா.

அங்கே அன்று நள்ளிரவு வரை வெடிக்கலாம். நமக்குக் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். அக்கா மகனுக்கு இதில் பெருமை வேறு.